மதுவில் பலனே இல்லையா?

  



இன்று மதுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன் ஸஃப்பில் சிலர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள். 'நமக்கில்லை, பின்னால் இருப்பவர்களுக்கு' என்று அதற்குப் பொருள். பின் ஸஃப்பில் சிலர் தரையைப் பார்க்கிறீர்கள். இரு சாராரிடமும் பேச வேண்டியிருக்கிறது. இன்று முன் ஸஃப்பிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேச வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆவில் இதே இடத்தில் நின்று குடிகாரர்களைப் பற்றிப் பேசினேன். சாக்கடையில் கிடப்பவன், நாய் வந்து முகத்தை நக்கினாலும் தெரியாதவன் என்றெல்லாம் நடித்துக் காட்டினேன். ஜமாஅத் சிரித்தது. சிரிக்க வைத்ததில் எனக்கும் உள்ளூர ஒரு திருப்தி இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. சிப்காட் பக்கம் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் ஐந்தாறு பேரில் ஒருவருக்குக் கடுமையான வாந்தி. கண் மங்கலாகத் தெரிகிறது என்றும் சொல்லியிருக்கிறார். என்ன குடித்தார், யாரிடம் வாங்கினார் என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. மோர் கொடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்து, போர்வையைப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டார்கள். ஏன்? ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளியே தெரியும், வெளியே தெரிந்தால் பள்ளிவாசலுக்குத் தெரியும். "ஹஸ்ரத் போன வாரம் பேசியதைக் கேட்டாயல்லவா?" என்று அவர்களில் ஒருவரே சொல்லியிருக்கிறார்.

மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், பார்வையும் திரும்பிவிட்டது. அது அல்லாஹ்வின் கருணை. அந்த இரவில் என்னுடைய பயான் செய்த வேலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் குறுக்கே நின்றதுதான்.

பிறகு நானே அவரைத் தேடிப் போனேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேள்வி கேட்டார். "ஹஸ்ரத், மதுவில் ஒன்றுமே கிடையாது, வெறும் நாசம் என்று சொன்னீர்கள். நான் ரோலிங் மில்லில் நிற்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் காலும் இடுப்பும் என்னுடையதாக இருக்காது. அதைக் குடித்தால் இரண்டு மணி நேரத்துக்கு வலி தெரியவில்லை. சிரிக்கிறேன், பாடுகிறேன், அம்மாவுக்குப் போன் செய்கிறேன். அது ஹராம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லாதீர்கள்."

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து குர்ஆனைத் திறந்தபோது வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னதில் பாதி அல்லாஹ் ஏற்கெனவே சொன்னது.

அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். மதுவைப் பற்றியும் சூதாட்டத்தைப் பற்றியும் நபி (ஸல்) அவர்களிடம் மக்கள் கேட்கிறார்கள். அல்லாஹ் கொடுக்கச் சொல்லும் பதில் என்ன? அவ்விரண்டிலும் பெரும் பாவம் இருக்கிறது, மனிதர்களுக்குச் சில பலன்களும் இருக்கின்றன, ஆனால் பலனைவிடப் பாவமே பெரிது என்ற கருத்தில் அந்த வசனம் அமைந்திருக்கிறது. படைத்தவன் பலன் உண்டு என்று ஒப்புக்கொண்ட ஒன்றை, பயான் சுவையாக இருக்க வேண்டும் என்பதற்காக 'பலனே இல்லை' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அப்படியானால் இப்போது கேள்வி கடினமாகிறது. ஒன்றில் பலனே இல்லையென்றால் அதை விடச் சொல்வது எளிது. பலன் உண்மையாகவே இருக்கும்போது, அதை அனுபவிக்கிற ஒருவரிடம் எந்த நியாயத்தைக் கொண்டு 'வேண்டாம்' என்கிறோம்? 'அல்லாஹ் தடுத்துவிட்டான், அவ்வளவுதான்' என்பது முஃமினுக்குப் போதுமான பதில், சந்தேகமில்லை. ஆனால் அந்த வசனமே நம்மை எடைபோடச் சொல்லும் தொனியில்தான் இறங்கியிருக்கிறது. ஆகவே எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில், அந்தப் பலன் என்ன, அது யாருக்குப் போகிறது? இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் இந்தப் பலன்களை விளக்கும்போது உடலுக்குக் கிடைக்கும் சில நன்மைகள், செரிமானம், உற்சாகம், இன்பம் ஆகியவற்றோடு விற்பனையில் கிடைக்கும் லாபத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். சூதாட்டத்தின் பலன் என்ன என்பதற்கு முஃபஸ்ஸிரீன்கள் தரும் விளக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது. அறியாமைக் கால அரபுகள் அம்புகளைக் குலுக்கி ஒட்டக இறைச்சிக்குச் சூதாடுவார்கள்; ஜெயித்தவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பெருமைக்குரிய வழக்கமாக இருந்தது. அதாவது பாவத்தின் வருமானத்தில் ஏழைக்குச் சோறு. இதை அல்லாஹ் அறியாமலா தடுத்தான்?

நம் மாநிலத்துக்கு வாருங்கள். டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. 2003 நவம்பரில் இருந்து சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. 2023–24 நிதியாண்டில் அதிலிருந்து அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்தப் பணத்தில்தான் நலத்திட்டங்கள் நடக்கின்றன, இதை நிறுத்தினால் ஏழைக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் கேட்கிறார்கள். ஒட்டக இறைச்சிக் கணக்கு இது. இதற்கு மேல் அரசியல் பேச நான் இங்கு வரவில்லை.

ஆனால் ஒரு பேச்சை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாத இறுதியில் மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் வந்தபோது மூத்த அமைச்சர் துரைமுருகன் அவர்கள், உழைக்கிறவர்கள் அசதி தீரக் குடிக்கிறார்கள், அரசு விற்கும் சரக்கில் அவர்களுக்கு வேண்டிய கிக் இல்லாததால் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறார்கள் என்ற பொருளில் பேசினார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எனக்கும் கோபம் வந்தது. இன்று யோசித்தால் அந்தப் பேச்சின் முதல் பாதி, டீக்கடை பெஞ்சில் நம் பிள்ளை சொன்ன அதே பேச்சு. அசதி உண்மை. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. அசதி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. அமைச்சரும் கேட்கவில்லை, பயான் செய்த நானும் கேட்கவில்லை.

இங்கேதான் 'கம்ர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். திராட்சை, பேரீச்சம்பழம், தேன், கோதுமை, வாற்கோதுமை என்று மது தயாரிக்கப்படும் ஐந்து பொருள்களைச் சொல்லிவிட்டு, அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் என்ற பொருளில் முடித்தார்கள் (புகாரி 5588). பெண்கள் தலையில் அணியும் கிமாரும் இதே வேர்ச்சொல்லில் இருந்து வருவதுதான். மூடுவது, போர்த்துவது.

போர்த்தினால் உள்ளே இருப்பது இல்லாமல் போய்விடுமா? இடுப்பு வலி என்பது என்ன? இந்த உடம்பால் இதற்கு மேல் முடியாது என்று அல்லாஹ் தந்த உடம்பு சொல்லும் சாட்சி அது. மது அந்த வலியைக் குணப்படுத்துவதில்லை, சாட்சியின் வாயை இரண்டு மணி நேரத்துக்குக் கட்டிவைக்கிறது. மருத்துவர்களைக் கேளுங்கள். குடித்தவுடன் தூக்கம் வரும், உண்மை. ஆனால் இரவின் பின்பாதியில் அந்தத் தூக்கம் உடையும். கனவு காணும் பகுதி குறையும். சிறுநீர் அதிகம் போய் உடம்பில் நீர் வற்றும். ஃபர்னஸ் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிவிட்டு வந்தவருக்கு இருக்கிற நீரும் போகிறது. மறுநாள் காலை அதே ஷிப்ட்டுக்கு அவர் நேற்றைவிடக் களைத்த உடம்போடு போகிறார், மாலையில் நேற்றைவிட அதிகம் தேவைப்படுகிறது. அசதிக்கான மருந்து என்று நினைத்தது அசதியை வளர்க்கிறது. 1988-லேயே மதுவை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது. இவ்வளவு குடித்தால் கெடுதலில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான், நான் நீட்டவில்லை.

நான் கேட்க விரும்புவது வேறு. அந்தச் சாட்சியின் வாய் கட்டப்படுவதால் லாபம் யாருக்கு?

இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. லோடு ஏற்றி முடிக்க வேண்டிய அவசரம், ஆள் போதவில்லை, இரவு முழுக்க நிற்க வேண்டும். காண்டிராக்டர் என்ன சொல்கிறார்? "முடிச்சுக் குடுங்கப்பா, குவார்ட்டரும் பிரியாணியும் நான் பாத்துக்கறேன்." பிள்ளைகள் சந்தோஷமாக நிற்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி தர வேண்டும் என்றது. அந்த இரட்டிப்புக் கூலியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு ஒரு குவார்ட்டரின் விலையைப் பாருங்கள். குடிப்பவருக்கு இரண்டு மணி நேர இன்பம் கிடைத்தது, மறுக்கவில்லை. மீதிப் பலன் எந்தப் பைக்குள் போனது?

2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கும். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் சட்டம் வராவிட்டாலும் நேற்று இரவு இங்கே எத்தனை பேர் 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் செய்த உபதேசம் புகாரியில் 30-ஆவது ஹதீஸாக இருக்கிறது. உங்கள் பொறுப்பில் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்களால் தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது அதன் சாரம். முன் ஸஃப்பில் இருக்கும் சகோதரர்களே, உங்களில் லேபர் காண்டிராக்ட் எடுப்பவர்கள் இருக்கிறீர்கள், சூப்பர்வைசர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, மாஷா அல்லாஹ். ஆனால் அடுத்தவருக்கு வாங்கிக் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறீர்களா? திர்மிதியில் வரும் ஹதீஸ் (1295) மது விஷயத்தில் பத்துப் பேரைச் சபிக்கிறது. பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமந்து செல்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தைச் சாப்பிடுபவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். எண்ணிப் பாருங்கள், பத்தில் குடிப்பவர் ஒருவர்தான். நம்முடைய பயான்களில் பத்துப் பங்கும் அந்த ஒருவர் தலையில் விழுகிறது.

சாலையோரம் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2017-இல் அதில் சில தளர்வுகளும் வந்தன. கல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் இருந்த கடைகளுக்கெல்லாம் உட்புறமாக வேறு இடம் தேட வேண்டிய நிலை வந்தது. அப்படி ஒரு கடை இடம் தேடி வரும்போது சந்தை நிலவரத்தைவிடக் கூடுதல் வாடகை பேசப்படும். கட்டடம் என்னுடையது, கடை அரசுடையது, குடிப்பது எவனோ என்று மனம் கணக்குப் போடும். பாருக்குச் சுண்டல், தண்ணீர் பாக்கெட், டம்ளர் போடுபவருக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு பொறுப்பு என்பதில் ஃபுகஹாக்களிடம் விரிவான பேச்சு இருக்கிறது. லாரியில் சம்பளத்துக்கு ஓடுபவரின் நிலையும் கட்டட உரிமையாளரின் நிலையும் ஒன்றல்ல. அவரவர் விஷயத்தைத் தனியாக வந்து கேளுங்கள். வந்து கேட்காமல் இருப்பதுதான் எனக்குக் கவலை.

இப்போது பின் ஸஃப்புக்கு வருகிறேன்.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நம்மிடையே இருக்கும் பீகார் சகோதரர்களையே காட்டலாம். 2016 ஏப்ரலில் இருந்து அவர்கள் மாநிலத்தில் முழு மதுவிலக்கு. அங்கே கிடைக்காதது, கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்கினால் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிறது. சொந்த ஊரில் சட்டம் இருந்தும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயத்துக்கு 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் மட்டும் போதாது என்பதை நம் தாயார் ஆயிஷா (ரலி) அவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஆரம்பத்திலேயே 'மது அருந்தாதீர்கள்' என்று வசனம் இறங்கியிருந்தால், நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என்ற கருத்தில் அவர்கள் கூறியது புகாரியில் இருக்கிறது (4993). முதலில் சுவர்க்கத்தையும் நரகத்தையும் சொல்லி உள்ளத்தைத் தயார் செய்தான் அல்லாஹ். பிறகு பலனையும் பாவத்தையும் எடைபோட வைத்தான். பிறகு, என்ன சொல்கிறோம் என்று அறியாத போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்று அந்நிஸா 43-ஆம் வசனத்தில் தடுத்தான். ஐந்து வேளைத் தொழுகையை வைத்துப் பாருங்கள், இஷாவுக்குப் பின் தவிரக் குடிக்க எங்கே நேரம் இருக்கிறது? அதற்குப் பிறகுதான் அல்மாயிதா 90, 91-இல் முழுத் தடை.

அந்தத் தடை வந்த நாளை அனஸ் (ரலி) சொல்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) வீட்டில் இவர்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பேரீச்சங்காயில் ஊறவைத்த மது. வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்கிறது. 'போய்க் கொட்டிவிடு' என்கிறார் அபூதல்ஹா. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது (புகாரி 2464). கையில் இருந்ததைக் கொட்டியவர்கள் அதன் சுவை தெரியாதவர்களா? நன்றாகத் தெரிந்தவர்கள். வருடக்கணக்கில் தயாரிக்கப்பட்ட உள்ளம், ஒரு குரலுக்குக் கொட்டியது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, சூளூர்ப்பேட்டை. அன்று அதெல்லாம் நெல்லூர் மாவட்டம். அதே மாவட்டத்தின் தூபகுண்டா கிராமத்தில் 1992-இல் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், பாடத்தில் சாராயத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ரோசம்மா போன்றவர்கள் முன்னே நிற்க, ஊருக்குள் சாராயம் வரவிடாமல் தடுத்தார்கள். அது ஆந்திரா முழுவதும் பரவி 1993-இல் சாராயத் தடையும், 1995-இல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997-இல் அந்த மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. அரசாணை வந்தது, போனது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட இடத்தில் அந்தப் பெண்கள் எதைப் பேசினார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். கூலிப் பணம் வீடு வந்து சேர்வதில்லை என்பதைப் பேசினார்கள். போர்த்தி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இதை எல்லோரும் கவனமாகக் கேளுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது ஆலைகளில் பயன்படுத்தப்படும் மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. கருணாபுரத்திலும் மெத்தனால்தான். பெயின்ட், ரெசின், கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் ஊரில் நாம் இருக்கிறோம். சால்வென்ட் டிரம் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். 'சுத்தமான ஸ்பிரிட், கம்பெனிச் சரக்கு' என்று யாராவது கேனில் கொண்டுவந்தால் நம்பாதீர்கள். மெத்தனாலுக்கும் சாராயத்துக்கும் நிறத்தில், வாசனையில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் போதையும் அதே மாதிரிதான் வரும். ஈரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாற நேரம் எடுக்கும். பாதி நாள், சில சமயம் ஒரு நாள் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் முன்னால் பனி மூட்டம் போல ஒரு வெண்மை. அந்த நேரத்தில் மோரும் எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது. நேரடியாக அரசு ஆஸ்பத்திரி, அல்லது 108. என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், அதில் ஒன்று எத்தனால், அதாவது சாதாரண மதுவில் இருக்கும் அதே பொருள். மருத்துவர் கையில், அளந்து, உயிரைக் காக்க வேறு வழியில்லாத நிலையில் கொடுப்பது. வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது. பலன் உண்டு என்று அல்லாஹ் சொன்னதை மறுக்காதீர்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

வெட்கத்தால் அந்த ஒரு நாள் வீணானால் கண் போகும், உயிரும் போகும். அந்த வெட்கத்தை உண்டாக்கியது யார்?

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அப்துல்லாஹ் என்று ஒருவர் இருந்தார். ஹிமார் என்பது அவருடைய பட்டப்பெயர். நபியவர்களைச் சிரிக்க வைப்பவர். அவர் குடித்ததற்காகத் தண்டனை பெற்றவர். மறுபடியும் குடித்துக் கொண்டுவரப்பட்டார், மறுபடியும் தண்டனை. கூட்டத்தில் ஒருவர், எத்தனை முறைதான் இவனைக் கொண்டுவருவது, அல்லாஹ் இவனைச் சபிக்கட்டும் என்றார். நபி (ஸல்) அவர்கள், அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்பதையே நான் அறிந்திருக்கிறேன் என்ற கருத்தில் தடுத்தார்கள் (புகாரி 6780). தண்டனையை நிறுத்தவில்லை. குடி ஹராம்தான், அதில் ஒரு அணுவும் தளரவில்லை. ஆனால் அவருடைய நேசத்துக்கு நபியவர்களே சாட்சி சொன்னார்கள். இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியவன் நான். ஓதியவன்தான் இங்கே நின்று நடித்துக் காட்டினேன்.

நிர்வாகிகளிடம் பேசிவிட்டேன். இனிமேல் இரவு எந்த நேரமானாலும் மோதினார் அறைக் கதவைத் தட்டலாம். என்ன ஆயிற்று என்று கேட்கும் முன் வண்டி எடுக்க இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்கள் திரும்பி வந்து இங்கே வாய் திறக்கக் கூடாது, அது அமானிதம். காண்டிராக்ட் எடுப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இருந்து போங்கள். ஓவர்டைம் கூலி விஷயமாக உங்களிடம் பேச வேண்டும்.

அந்தப் பிள்ளை இன்று எந்த ஸஃப்பில் இருக்கிறார் என்று தேடாதீர்கள். குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.